ஏதோ இருக்கிறாள்

காலை எட்டேகால் மணி. பள்ளிக்கூட வாசலில், கணுக்கால் அளவு பனியில் நாங்கள் இருபது பெற்றோர் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண் தன் மகனின் தொப்பியை இழுத்துக் காதை மூடிவிட்டு, "யூ ஆர் பிரில்லியண்ட், யூ நோ தட்?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்தப் பயலும் கொஞ்சமும் கூச்சப்படாமல், "யா, ஐ நோ" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். கனடாவுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. மைனஸ் இருபதுக்குப் பழகிவிட்டேன், நாலரை மணிக்கே இருட்டிவிடுவதற்கும் பழகிவிட்டேன். இதற்கு மட்டும் இன்றுவரை பழகவில்லை. நட்டநடுத் தெருவில், பெற்ற பிள்ளையை, அதன் முகத்துக்கு நேராக! அவள் பிள்ளை, அவள் வாய், எனக்கு என்ன வந்தது? ஆனாலும் கண் பட்டுவிடுமே என்று எனக்குத்தான் பயம். அந்தப் பையனுக்காக நெட்டி முறிக்க என் விரல்கள் கையுறைக்குள்ளேயே மடங்கின.

நான் திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகிற வழியில் உள்ளடங்கிய ஒரு கிராமத்துக்காரி. எங்கள் பக்கம் பிள்ளைகளைப் பற்றி எப்படிப் பேசுவோம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "பொண்ணு நல்லாப் படிக்குதாமே?" என்று யாராவது கேட்டால், "எங்கங்க, புத்தகத்த எடுத்தா கொட்டாவிதான்" என்போம். "பையன் நல்லா வளந்துட்டானே" என்றால், "வளந்து என்ன பண்றது, தண்டச்சோறு" என்போம். கேட்டவருக்கும் விஷயம் தெரியும். சிரித்துக்கொண்டே போய்விடுவார். பதிலுக்கு நாம் "ஆமாங்க, வகுப்புலயே இவதான் ஃபர்ஸ்ட்" என்று சொல்லிவிட்டால் அவர்தான் திடுக்கிட்டுப் போவார். சாயங்காலத்துக்குள் ஊரே நம் வாய்க்கொழுப்பைப் பற்றிப் பேசும். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பழியும் நம் வாய்மேல்தான் விழும். நீங்களும் இப்படிப் பேசியிருப்பீர்கள். இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பப்போவதில்லை.

என் மகள் இனியாவுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அவள் கேள்விகள் அவ்வளவு சுலபத்தில் முடிவதில்லை. மைக்ரோவேவில் நூறு என்று அழுத்தினால் ஒரு நிமிடம் ஓடுகிறது, தொண்ணூற்றொன்பது என்று அழுத்தினால் அதைவிட அதிக நேரம் ஓடுகிறது, சின்ன நம்பருக்கு எப்படிப் பெரிய நேரம் என்று ஏழு வயதில் கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் அவளே கண்டுபிடித்து விளக்கினாள். கிராஸிங்கில் சரக்கு ரயிலுக்காகக் கார் நின்றால், பெட்டிகளை எண்ணி, ரயில் எவ்வளவு நீளம் என்று சொல்வாள். போன இலையுதிர் காலத்தில் பள்ளியில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏதோ பரீட்சை வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அவளுடைய வகுப்பாசிரியை மிஸ் கரோல் என்னைக் கூப்பிட்டு, "யுவர் டாட்டர் இஸ் கிஃப்டட்" என்றார். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று தனி வகுப்பு இருக்கிறதாம், ஜனவரிக்குப் பிறகு ஒரு இடம் காலியாகிறதாம். கையில் ஒரு நீல ஃபைலைக் கொடுத்தார். மேலட்டையில், மீத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அந்த ஃபைலை என் கணவர் சரவணன் பாராயணம் பண்ணாத குறைதான். சனிக்கிழமைக் கணக்கு வட்டம், செஸ் கிளப், அறிவியல் காட்சியகத்துக்குச் சலுகைச் சீட்டு, நூலகத்தில் மாதம் ஒருமுறை பெற்றோர் கூட்டம், சாப்பாட்டு மேசையில் கேட்பதற்கென்றே இருபது கேள்விகள். பழைய கடிகாரம் ஒன்றைக் கொடுத்துப் பிரிக்க விடுங்கள் என்று ஒரு யோசனை. கொடுத்தோம். இனியா அலாரம் கடிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி மாட்டினாள். ஒரு பல்சக்கரம் மீந்துவிட்டது, கடிகாரமோ முன்னைவிட வேகமாக ஓடியது. குழந்தை கேட்கும் கேள்விகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள் என்று இன்னொரு யோசனை. அதையும் செய்தேன். எழுதி, யார் கண்ணிலும் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அந்தப் பட்டியலில் நான் தொடாதது ஒன்றே ஒன்று: உங்கள் குழந்தையின் திறமையைக் குறிப்பிட்டுச் சொல்லி, அவளிடமே பாராட்டுங்கள். அதைப் படித்ததும் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு ஒரே ஒருமுறை போனேன். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையை அறிமுகப்படுத்த வேண்டும். ஒரு தகப்பன், தன் மகன் ஆறு வயதில் அணு உலை பற்றிப் பேசுவான் என்றார். ஒரு அம்மா, தன் மகளுக்கு வயலினில் இசை ஞானம் பிறவியிலேயே இருக்கிறது என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை பிள்ளைகளுக்கும் யார் உப்பு மிளகாய் சுற்றிப் போடுவது என்ற கவலை எனக்கு. என் முறை வந்தது. "ஷீ இஸ் ஓகே. ஷீ டஸின்ட் ஈட் ப்ராப்பர்லி" என்றேன். யாரும் கைதட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு பெண்மணி என் தோளைத் தொட்டு, கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் வைத்துவிட்டுப் போனார். காரில் வரும்போது அதை நினைத்துச் சிரித்தேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நவம்பரில் ஒரு ஃபாரம் வந்தது. தனி வகுப்புக்குத் தேர்வு செய்யும் குழுவுக்குப் பெற்றோர் எழுதும் குறிப்பு. 'உங்கள் குழந்தையின் தனித் திறமைகளாக நீங்கள் காண்பவை' என்று போட்டு, கீழே அரைப்பக்கம் வெள்ளையாக விட்டிருந்தார்கள். நான் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் நினைப்பெல்லாம், தாயே தன் பிள்ளையைப் புகழ்ந்து எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், பரீட்சையில் மார்க் வாங்கியிருக்கிறாள், டீச்சருக்குத் தெரியும், நாம் அடக்கமாக எழுதினால்தானே மரியாதை என்பதுதான். கடைசியில் இதைத்தான் ஆங்கிலத்தில் எழுதினேன்: "ஏதோ இருக்கிறாள். வேலைக்கு ஆகாத கேள்விகள் நிறையக் கேட்பாள். சாப்பாட்டில் கவனம் கிடையாது. இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்." கடைசி வரியை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. எங்கள் ஊரில் ஒரு வாத்தியாரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தி, நீங்கதான் பாத்துக்கணும் என்று சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை! சரவணன் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

டிசம்பரில் கூப்பிட்டார்கள். மிஸ் கரோலும், பள்ளியின் மனநல ஆலோசகரும், நானும். மிஸ் கரோல் என் ஃபாரத்தை மேசையில் வைத்து, ரொம்ப மெதுவான குரலில், "மகளைப் பற்றி வீட்டில் உங்களுக்கு ஏதாவது கவலை இருக்கிறதா?" என்று கேட்டார். நான் எங்கள் ஊர்ச் சிரிப்பைச் சிரித்து, "நோ நோ, ஷீ இஸ் லைக் தட் ஒன்லி" என்றேன். ஆலோசகர் அதை எழுதிக்கொண்டார். பெற்றோருக்கே நம்பிக்கை இல்லாதபோது குழந்தைமேல் பாரத்தை ஏற்ற விரும்பவில்லை, இந்த முறை விட்டுவிடலாம் என்று முடிவு சொன்னார்கள். "அப்படியில்லை, அது சும்மா எழுதியது" என்றேன். சும்மா எழுதியது என்றால் என்ன என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார் மிஸ் கரோல். அதை அவருக்கு எப்படிச் சொல்வது? என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, ஜனவரி மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்ட புதிய குறிப்பு ஒன்றை அனுப்பினால் மறுபடி பார்ப்பதாகவும், இல்லையென்றால் இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

எனக்கும் இதே மாதிரி ஒரு நாள் வந்திருக்கிறது. எட்டாவது படிக்கும்போது எங்கள் கணக்கு டீச்சர் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். தஞ்சாவூரில் ஒரு உதவித்தொகைப் பரீட்சை, இவளை அனுப்புங்கள், கட்டாயம் பாஸ் பண்ணுவாள் என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இதுக்கு என்ன டீச்சர் தெரியும்? வறட்டி தட்டத்தான் லாயக்கு" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் ஒரு நொடிகூட அசரவில்லை. சிரித்துக்கொண்டே, "சரிங்க, ஞாயித்துக்கெழம மொத பஸ்ல ஏத்தி விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா என்னை ஏற்றிவிட்டதோடு நிற்கவில்லை, தானும் கூடவே வந்தார். பரீட்சை முடியும்வரை பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார், ஒரு டீ குடிக்கக்கூட நகரவில்லை. நான் பாஸானதும் ஊரெல்லாம், "ஏதோ தப்பித் தவறி பாஸாயிட்டா" என்றார். அப்பாவின் பேச்சை டீச்சர் அப்படியே புரட்டிப் போட்டுப் புரிந்துகொண்டார். மிஸ் கரோலுக்கு அந்த வித்தை தெரியவில்லை, அது அவர் குற்றமா? ஆனால் கதவுக்குப் பின்னால் நின்ற பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் அந்த வித்தை தெரியாது. இன்றும் ஆபீஸில் யாராவது "குட் ஜாப்" என்றால், கேலி பண்ணுகிறார்களோ என்று திரும்பிப் பார்க்கிற ஜென்மம் நான்.

டிசம்பரில் மிஸ் கரோலைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், அந்த ஃபாரத்தின் நகலை ஒரு உறையில் போட்டு இனியாவின் பையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். உறை ஒட்டப்படவில்லை. வாசிக்கத் தெரிந்த பிள்ளை, வாசித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து உறையை மேசையில் வைத்தாள், கைகழுவினாள், சாப்பிட உட்கார்ந்தாள். "இனிமே கேள்வி கேக்கல. சாப்பாட்டையும் ஒழுங்கா சாப்பிடறேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அன்றைக்குத் தட்டில் வைத்ததையெல்லாம் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். நான் "அதெல்லாம் சும்மாடி" என்றேன். மிஸ் கரோலுக்கே புரியாத சும்மா, ஒன்பது வயதுக்கு எப்படிப் புரியும்? அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த நோட்டில் அதற்குப் பிறகு ஒரு வரிகூட ஏறவில்லை. ரயில் போனால் எண்ணுவதில்லை. பிள்ளை என்றால் இப்படித்தான் சமர்த்தாக இருக்க வேண்டும் என்று நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! அந்தச் சமர்த்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி எழுந்து போய் அவள் தூங்குகிறாளா என்று பார்ப்பேன். புதிய ஃபாரத்தை எடுப்பேன், பேனாவைத் திறப்பேன், மூடிவைப்பேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் முன்பே எடுத்திருந்தோம். சரவணனுக்கு லீவு கிடைக்காததால் நானும் அவளும் மட்டும் போனோம். ஃபாரமும் என் பெட்டியில் வந்தது, நோட்டும் வந்தது. ஊரில் சம்பா அறுவடை நேரம். அம்மா போய் ஏழு வருடமாகிறது, அண்ணன் வீட்டோடு இருக்கும் அப்பாவுக்கு எழுபது தாண்டியும் வயலில்தான் பிழைப்பு. போய் இறங்கிய அன்றே பக்கத்து வயல்காரர் கலியபெருமாள் மாமா வந்துவிட்டார். "பேத்தி ரொம்பப் புத்திசாலியாமே, பள்ளிக்கூடத்துலேருந்து கூப்புட்டுச் சொன்னாங்களாமே?" என்றார். அப்பா அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, "எங்க தம்பி? சரியான மக்கு. சோத்த அள்ளித் திங்கக்கூடத் தெரியல" என்றார். சொல்லிக்கொண்டே அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். இனியா கையைப் பார்க்கவில்லை, பேச்சைத்தான் கேட்டாள். எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, அவ முன்னால அப்படிச் சொல்லாதீங்க" என்றேன். "என்னம்மா சொல்லிட்டேன் இப்ப?" என்று அப்பா என்னைவிட அதிகமாகத் திகைத்தார்.

அடுத்த மூன்று நாள் நான் கால் தரிக்காமல் திரிந்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, வரப்பில் நின்றால் கிடைக்கும். பள்ளியிலிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று மணிக்கொரு தரம் வரப்புக்கு ஓடுவேன். வெள்ளிக்கிழமைக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. வானத்தில் மேகம் கூடியிருந்தது. அறுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் கதிர் சாய்ந்து தண்ணீரிலேயே முளைவிட்டுவிடும் என்பதால் அப்பாவும் மேலே பார்ப்பதும் வயலைப் பார்ப்பதுமாகத்தான் இருந்தார். அறுவடை மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள், அது மேற்கே யார் வயலிலோ நின்றது. கலியபெருமாள் மாமா வரப்போடு போனவர் நின்று, "அண்ணே, இந்த வருசம் ஒங்களுக்கு நல்லா வெளஞ்சிருக்கு போலருக்கே?" என்றார். அப்பா முகத்தைச் சுளித்து, "எங்க தம்பி? பாதி பதரு. வைக்கலுக்கு ஆகும், அவ்வளவுதான்" என்றார். நான் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சு அது.

சாயங்காலம் இனியாவைக் காணோம் என்று தேடிப் போனால், வயலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்து நெற்கதிர். ஒவ்வொரு மணியாக நகத்தால் அழுத்திப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒரு குவியல் கைப்பிடி அளவு, இன்னொன்று சிட்டிகை அளவு. என்னைப் பார்த்ததும், ஒரு மாதத்துக்குப் பிறகு, கேள்வி கேட்டாள்.

"அம்மா, பதருன்னா உள்ள ஒண்ணும் இல்லாததுதானே?"

"ஆமா."

"தாத்தா பாதி பதருன்னாரு. அஞ்சு கதிரு எண்ணிட்டேன். நூத்துக்கு அஞ்சுகூட இல்ல. தாத்தாவுக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியும்டி. நல்லாத் தெரியும்."

இரண்டு குவியலையும் விரலால் இன்னும் தள்ளிப் பிரித்தாள். பிறகு மெல்ல, "அம்மா, தாத்தா நெல்லையும் என்னத் திட்டற மாதிரியேதான் திட்டறாரு" என்றாள்.

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்து, நாற்பத்தொரு வயதாகியும் எனக்குத் தோன்றாதது! அவளிடம் சொன்னேன். விளைந்தது வீடு வந்து சேரும்வரை நல்லாருக்கு என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் கண் பட்டுவிடும், மழை வந்துவிடும் என்று ஒரு பயம், தாத்தாவுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதைத்தான் ரொம்பத் திட்டுவார். இனியா இதைக் கவனமாகக் கேட்டாள். "அறுத்து முடிச்சிட்டா நல்லாருக்குன்னு சொல்லிடுவாரா?" என்றாள். "சொல்லிடுவாரு" என்றேன். "அப்ப நான் எப்பம்மா அறுவடை ஆவேன்?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. நாள் தெரிந்தால் அதுவரை காத்திருக்கலாம் என்கிற மாதிரி கேட்டாள். படித்தேன், தஞ்சாவூரில் வேலை பார்த்தேன், கல்யாணம் கட்டினேன், கடல் தாண்டினேன், ஒரு பிள்ளையைப் பெற்றேன். என்னை இன்னும் யாரும் நல்லாருக்கு என்று சொல்லவில்லை. நானும் உள்ளுக்குள் அதே நாளுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. "தெரியலடி" என்றேன். அவள் நல்ல நெல்லை மட்டும் அள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை மிஷின் வந்தது. மழையும் ஏமாற்றிவிட்டது, அதாவது நல்லவிதமாக ஏமாற்றியது. மத்தியானத்துக்குள் அறுத்து முடித்து, நெல் களத்தில் மலையாகக் குவிந்தது. இனியா காலையிலிருந்து என் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். கலியபெருமாள் மாமா வந்து குவியலைச் சுற்றிப் பார்த்து, "அப்புறம் என்னண்ணே, பரவால்லையே!" என்றார். அப்பா ஒரு கை நெல்லை அள்ளி, விரலிடுக்கில் ஒழுக விட்டு, "ஏதோ வந்துச்சு தம்பி" என்றார். இனியா திரும்பி என்னைப் பார்த்தாள். "இப்பவும் சொல்லல" என்றாள். கோபமில்லை, குறையில்லை, ஒரு கணக்கின் விடை சொல்வதுபோலச் சொன்னாள். அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஃபாரத்தை எடுத்தேன். நோட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். மைக்ரோவேவ், சரக்கு ரயில், பல்சக்கரம் மீந்த கடிகாரம், ஐந்து கதிர், இரண்டு குவியல் எல்லாவற்றையும் எழுதினேன். என் மகள் அபாரமான புத்திசாலி, சொன்னதை நம்பாமல் எண்ணிப் பார்க்கிறவள், இவளைப் போல ஒரு குழந்தையை நான் பார்த்ததில்லை என்று எழுதினேன். எழுத எழுதத் திருடுகிறவள் மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டேன். அரைப்பக்கமும் நிரம்பிவிட்டது. அப்போதும் மனசு கேட்கவில்லை. அடியில் ஓரமாக 'ஆனால்' என்று தொடங்கி, சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு குறை சேர்த்துவிட்டால் நிம்மதி என்று தோன்றியது. பேனா முனையைத் தாளில் ஊன்றியும் விட்டேன். நிமிர்ந்தால் எதிரே இனியா.

தலைகீழாகவே முழுவதையும் படித்துவிட்டாள். "இது நெஜமாம்மா, இல்ல ஃபாரத்துக்காகவா?" என்றாள். நோட்டை அவள் பக்கம் தள்ளினேன். அக்டோபரிலிருந்து தேதி போட்டு, அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அதில் என் கையெழுத்தில் இருந்தது. ஃபாரம் என்ற ஒன்று இருப்பதே தெரியாத நாட்களில் எழுதியவை. அவள் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். டிசம்பரில் வந்து நின்றாள். வெற்றுப் பக்கங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நெஜம்" என்றேன், எப்படியோ சொல்லிவிட்டேன், அழுகையும் வந்துவிட்டது. அவள் ஃபாரத்தின் மூலையைக் காட்டி, "அது என்ன புள்ளி?" என்றாள். நான் ஊன்றிய பேனா முனையிலிருந்து மை ஊறி, மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம் ஆகியிருந்தது. குறை எழுதப் போனதைச் சொன்னேன். "அப்ப அது இருக்கட்டும். கண்ணு படாது" என்றாள்.

மறுநாள் காலை திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடைப் பையன் ஃபாரத்தை ஸ்கேன் போட்டுத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, "அக்கா, ஓரத்துல மை சொட்டியிருக்கு, அழிச்சிடவா?" என்றான். "வேணாம்ப்பா" என்றேன். அவன் மேலே இரண்டு வரி படித்தான், பக்கத்தில் நின்ற இனியாவைப் பார்த்தான். "ஓ, சரி சரி" என்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவன் பிரிண்டர் மேலேயே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. நாலு நாள் கழித்து மிஸ் கரோலிடமிருந்து பதில் வந்தது. அற்புதமான குறிப்பு, குழு ஏற்றுக்கொண்டது, ஸ்கேனில் ஒரு சிறிய கறை இருந்தது, கோப்பில் சேர்க்கும்போது சுத்தம் செய்துவிட்டோம், கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தார். வரப்பில் நின்று அதை மூன்று தரம் படித்தேன். சந்தோஷத்தில் குதிக்க வேண்டிய நேரத்தில், அந்தக் கறையை ஏன் எடுத்தார்கள் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

கிளம்புகிற அன்று வேன் வாசலில் நின்றது. அப்பா ஐந்து கிலோ புதுநெல் அரிசியை என் பெட்டிக்குள் திணித்துவிட்டு, இனியாவின் தலையைப் பிடித்து ஆட்டி, "இந்த மண்டைக்குள்ள ஒண்ணும் கெடையாது. பாத்துக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். நான் பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் அப்பாவை நேராக நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, ஒங்க நெல்லும் வைக்கலுக்குத்தான் ஆகும்" என்றாள். அப்பா ஒரு கணம் விழித்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தத் துண்டை வேன் நகரும்வரை எடுக்கவில்லை. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

புது வகுப்பின் முதல் நாள் பனி கொட்டியது. கதவுக்குப் பக்கத்தில் பூட்ஸ் மாட்ட உட்கார்ந்த இனியா, இடது கால் சாக்ஸைக் கழற்றிப் பாதத்தை என் பக்கம் நீட்டினாள். "மை வெச்சு விடும்மா" என்றாள். கண்மையைத் தேடி எடுத்து, உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தேன். கூச்சத்தில் நெளிந்தாள். அதன்மேல் ஒரு சாக்ஸ், அதற்குமேல் இன்னொரு சாக்ஸ், அதற்கும் மேல் பூட்ஸ். எந்த நாட்டுக்காரராலும் அதைச் சுத்தம் பண்ண முடியாது. பள்ளி வாசலில் அதே இருபது பேர். தொப்பியை இழுத்து அவள் காதை மூடினேன். கண்ணை இறுக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "நீ ரொம்பக் கெட்டிக்காரி, தெரியுமா?" என்று சொல்லியே விட்டேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இனியா எங்கள் ஊர்க் கிழவி மாதிரி முகத்தைச் சுளித்து, "எங்கம்மா? ஏதோ இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள். வாசல்வரை பனியில் அவள் பூட்ஸ் தடங்கள் விழுந்திருந்தன. மணி அடித்து எல்லாரும் போன பிறகும் நான் நின்று, அதில் இடது கால் எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.